அரைப்பேர்

பழைய சாலையில் டோல் இல்லை.
அதனால்தான் வந்தார்கள்,
இரவு ஒன்றே முக்காலுக்கு,
ஒரு பக்க விளக்கு எரியாத வேனில்.
நாலு பேர். இருபது ரிங்கிட்டுக்கு டீசல்,
பாதி சில்லறையாக.
ஒருத்தி கண்ணாடித் துளைக்குக் குனிந்து
"அக்கா, டாய்லெட் சாவி" என்றாள்.

துரோலாக்கில் அந்நேரத்துக்குச்
செம்பனைக் குலை லோரிகள்தான் வரும்.
அவள் தோளில் தொங்கியதைக் கித்தார் என்றேன்.
"இல்லக்கா, பேஸ். நாலு கம்பிதான்.
காதுல கேக்காது, நெஞ்சுல கேக்கும்."
கிள்ளானில் ஒரு டயர் கடை மாடியில் வாசித்துவிட்டுக்
கோலகெட்டில் திரும்புகிறார்களாம்.
எத்தனை பேர் வந்தாங்க?
"பதினொண்ணு. அதுல ரெண்டு
டிரைவரோட சொந்தக்காரங்க."

யாரும் மறந்து எடுத்துப் போகக்கூடாதென்று
சாவியை முழ நீளப் பலகையில் கட்டியிருக்கிறோம்.
அது திரும்பி வந்தபோது
தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டச் சதுரம்
ஒட்டியிருந்தது. கீழே ஒரே சொல்:
அரைப்பேர்.

அரை நாள் வேலைக்குக் கிராணி போடுவது அது.
மழை பெய்தால் என் அப்பா
வீட்டுக்குக் கொண்டுவந்தது.

முதலில் கோபம்தான்.
மேனேஜர் பார்த்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்.
நகத்தால் சுரண்டினேன், வரவில்லை.
நல்ல கோந்து.

மூன்று மணிக்கு, ஈசல்கள் மட்டும் இருந்தபோது,
கைப்பேசியை அதன்மேல் பிடித்தேன்.
ஐந்து பாட்டு. மூன்றாவதைக்
கேட்டவர்கள் எண்பத்து மூன்று என்றது திரை.

பாட்டு என்று சொல்லலாமா தெரியவில்லை.
பெரட்டுக்களத்தில் வாசிப்பதுபோல்
பேர் பேராகச் சொல்கிறாள்.
ஒவ்வொரு பேருக்கும் பிறகு
ஒருவர் வாய் திறக்கும் அளவுக்கு இடம்.
யாரும் வந்தேன் என்று சொல்லவில்லை.
அந்த இடத்தில்
பேஸ், ஒரே ஓர் அடி.
எட்டாவது பேர் நாகேஸ்வரி.
எங்கள் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு நாகேஸ்வரி,
என் சட்டைப் பட்டையில்கூட இடம் போதாமல்
நாகேஸ் என்றுதான் அடித்திருக்கிறார்கள்.
இருந்தும் நிமிர்ந்து உட்கார்ந்து
சில்லறைத் தட்டைப் பார்த்துச் சொன்னேன்:
வந்தேன்.

விடிவதற்குள் ஏழு பேருக்கு அனுப்பினேன்.
ஜொகூரில் தங்கச்சி: சத்தம் கம்மியா இருக்கு.
மில்லில் எடை பார்க்கும் பிரகலாதன்,
ஆறு நிமிடப் பாட்டுக்கு
ஆறாவது விநாடியில் ஒரு கட்டைவிரல்.
அண்ணி கேட்டாள்: யாரு செத்தது?
மற்ற நாலு பேர்
இன்னும் திறக்கவில்லை.

அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.
பாட்டைக் கையில் திணித்தால்
கல்யாணப் பத்திரிகை ஆகிவிடுகிறது அது,
மொய் எழுதும் முகத்தோடு வாங்குகிறார்கள்.
சாவிதான் சரி.
ஈரக் கைகளுக்குத் தாங்கட்டும் என்று
சதுரத்தின்மேல் கண்ணாடி டேப் சுற்றினேன்.
மேனேஜரிடம் சொன்னேன், கட்டணப் பலகை என்று.
நம்பினாரா தெரியாது, ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் நூற்றிப் பத்தொன்பது.
அதில் பதினாறு நான்.
மீதியை யார் யார் என்று
சாவி நீட்டும் கைகளில் தேடுகிறேன்.
மருந்து நாற்றமடிக்கும் கையா,
மோதிரம் இறுகிப்போன இந்தக் கையா?
யாரும் எதுவும் சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.

இன்று நாலரைக்கு ஓர் எண்ணெய் டேங்கர்.
பாசிர் மாஸ்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது.
போனவர் திரும்பி வந்து வண்டியில் ஏறிவிட்டார்,
சாவியோடு.
கண்ணாடி ஏற்றியிருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது.
மடியில் பலகை.
ஸ்டீரிங் வளையத்தில் ஒரு விரல்
தூக்கி, காத்திருந்து,
தட்டுகிறது.
தூக்கி, காத்திருந்து.

கவுண்டரில் இரண்டு பேர் கால் மாற்றி நிற்கிறார்கள்.
"சாவி எங்க?" என்கிறார் ஒருவர்,
கண்ணாடியைத் தட்டி.

கொஞ்சம் பொறுங்க, என்கிறேன்.
பேர் வாசிக்கிறாங்க.